களத்தில் எதிர்ப்புக் காட்டிய வீரரை மேடையேற்றி மதிப்பளிக்கலாமா?

திருக்கடலூர்க்காரன்

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குள் ஒரு கேள்வி எழுந்து, நிர்வாகக் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஊரில் இருப்பவர்களின் கருத்தும் வெளியில் இருப்பவர்களின் கருத்தும் வேண்டும்.

கடந்த ஜனவரி 2 ஆம் திகதி விலகல் முறைத் தொடர் ஒன்றின் கால் இறுதியில் விளையாடினோம். அந்தத் திகதி திருகோணமலையில் என்ன நாள் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: 2006 ஆம் ஆண்டு அதே நாள் மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே கூடியிருந்த மாணவர்களில் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 இல் விடுவிக்கப்பட்டார்கள்.

எங்கள் இடதுபுறத் தடுப்பாட்டக்காரர் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பிறந்தவர். காலுறை நழுவாமல் இருக்கச் சுற்றும் கறுப்பு ஒட்டுநாடாவை எடுத்து, இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் களத்துக்குள் போனார். அதில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை. நாணயச் சுழற்சி முடிந்ததும் ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து மத்தியஸ்தரின் காதில் ஏதோ சொன்னார். நாடாவைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் வெளியேற வேண்டும் என்று முடிவானது. தம்பி ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே வந்து, சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கோட்டுக்கு அப்பால் புல்லில் உட்கார்ந்தார். ஆட்டம் முடியும்வரை எழும்பவில்லை. எங்களிடம் இருந்த ஒரே மேலதிக வீரருக்குக் கணுக்காலில் காயம். பத்துப் பேருடன் விளையாடி 1–0 என்று தோற்றோம்.

இப்போது வருடாந்தப் பரிசளிப்பு விழா வருகிறது. அவருக்குச் சிறப்பு நினைவுச் சின்னம் வழங்கிப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்கிறார்கள் இளையவர்கள். மூத்தவர்கள் சிலர் அதைக் கேட்டதும் கூட்டத்தை விட்டே எழுந்து போனார்கள். விளையாட்டு வீரர் ஒருவர் களத்தில் காட்டும் அரசியல் எதிர்ப்புக்குப் பொதுமேடையில் மதிப்பளிப்பது சரியா? எந்த நிலையில் சரி?

உவர்மலை

செய்யக் கூடாது.

அந்த ஐவரின் துயரம் எனக்கும் சொந்தம். அன்றிரவு வைத்தியசாலை வாசலில் நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். ஆகவே என்னை யாரும் மறதிக்காரன் என்று சொல்ல வேண்டாம். ஆனால் கழகத்தின் சட்டை எல்லோருக்கும் பொதுவானது. அதை அணிந்துகொண்டு ஒருவர் தன் மனதில் பட்டதைச் செய்தார். மற்றப் பத்துப் பேரிடமும் கேட்டாரா? அவர்களில் சிங்களப் பிள்ளைகள் இருக்கிறார்கள், முஸ்லிம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் வீட்டில் நாளை யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்வது யார்?

இன்னொன்று. இந்த நகரத்தில் பொது இடத்தில் எதை நிறுத்துவது, யாருக்கு மாலை போடுவது என்பது ஒருநாளும் சின்ன விடயமாக இருந்ததில்லை. 2005 மே மாதம் நகரின் நடுவே ஓர் இரவில் புத்தர் சிலை வைக்கப்பட்ட பிறகு கடையடைப்பும் பதற்றமுமாக எத்தனை நாட்கள் கழிந்தன என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். மைதானத்துக்கு அனுமதி வேண்டும், ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும், தொடரில் சேர்த்துக்கொள்ள லீக்கின் தயவு வேண்டும். ஒரு பொன்னாடைக்காக நூறு பிள்ளைகளின் விளையாட்டைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை.

நிலாவெளி ரீச்சர்

உவர்மலை ஐயாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் "மற்றவர்களைக் கேட்டாரா" என்ற கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். 1968 ஒக்டோபர் 16 ஆம் திகதி மெக்ஸிக்கோ நகரில் நடந்ததை இங்கு எல்லோரும் ஒரு படமாகத்தான் அறிந்திருக்கிறோம். இரண்டு கறுப்பின அமெரிக்கர்கள் கையுறை அணிந்த கையை உயர்த்தி நிற்கும் படம். அந்தப் படத்தில் மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார். என் வகுப்பில் நான் பாடமாக எடுப்பது அவரைத்தான்.

200 மீற்றர் இறுதிப் போட்டியில் டொமி ஸ்மித் 19.83 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். அவுஸ்திரேலியாவின் பீற்றர் நோர்மன் 20.06 உடன் இரண்டாவது, ஜோன் கார்லோஸ் 20.10 உடன் மூன்றாவது. மேடைக்குப் போகும் முன் அந்த இருவரும் நோர்மனிடம் தாங்கள் செய்யப்போவதைச் சொன்னார்கள். மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் திட்டம் என்ற அமைப்பின் வட்டச் சின்னம் ஒன்று தனக்கும் வேண்டும் என்று நோர்மன் கேட்டார். கைவசம் வேறு சின்னம் இல்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த அமெரிக்கப் படகோட்ட வீரர் போல் ஹொஃப்மன் தன் சட்டையில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். கார்லோஸ் தன் கையுறைகளை ஒலிம்பிக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். இருக்கும் ஒரு சோடியை ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவரும் நோர்மன்தான். ஸ்மித்தின் வலது கையும் கார்லோஸின் இடது கையும் உயர்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான். இருவரும் சப்பாத்து இல்லாமல் கறுப்புக் காலுறையோடு மேடையேறினார்கள். தங்கள் மக்களின் வறுமையை உலகம் பார்க்க வேண்டும் என்பதற்காக. கார்லோஸின் கழுத்தில் இருந்த மணிமாலை, மரத்தில் தூக்கிலிடப்பட்ட கறுப்பின மக்களுக்காக.

சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் அவெரி பிரண்டேஜ் கொதித்துப்போனார். இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அதே பிரண்டேஜ் 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தவர். ஹிட்லரின் நாட்டில் நடக்கும் போட்டியைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல்களை அடக்கியவர். நாஸி வணக்கம் அன்று அவருக்கு அரசியலாகத் தெரியவில்லை.

நோர்மன் கையை உயர்த்தவில்லை. நெஞ்சில் ஒரு சின்னத்தைக் குத்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். 1972 மியூனிக் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 2006 ஒக்டோபரில் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் மெல்பேர்னுக்கு வந்து பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2012 இல். சிலை எழுந்தது 2019 இல். அவர் ஓடிய 20.06 என்ற நேரம் அவுஸ்திரேலிய சாதனையாக 2024 டிசம்பர்வரை நின்றது.

உயிரோடு இருந்த காலத்தில் செய்யாத மரியாதையை இறந்த பிறகு செய்து யாருக்கு என்ன பயன்? அந்தத் தம்பிக்கு இப்போதே செய்யுங்கள்.

பழைய மத்தியஸ்தர்

நான் இந்த மாவட்டத்தில் பல காலம் மத்தியஸ்தம் செய்தவன். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உதைபந்தாட்ட விதிகளில் நான்காவது விதி, வீரரின் உடையில் அரசியல், மத, தனிப்பட்ட வாசகமோ கூற்றோ படமோ இருக்கக் கூடாது என்கிறது. கறுப்புப் பட்டிக்குத் தனியாகத் தடை இல்லை. இறந்தவர்களுக்காக அணிகள் கறுப்புப் பட்டி அணிவது உலகெங்கும் உள்ள வழக்கம். பொதுவாக ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வார்கள். இங்கே கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது வேறு கதை.

எது துக்கம், எது அரசியல் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2016 நவம்பரில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து அணிகள் போரில் இறந்த தங்கள் வீரர்களுக்காகப் பொப்பி மலர் பொறித்த பட்டியை அணிந்தன. ஃபிஃபா அதை அரசியல் சின்னம் என்று தண்டம் விதித்தது. பிரித்தானியாவில் பிரதமர் முதல் பத்திரிகைகள்வரை எழுந்து நின்றன. அடுத்த ஆண்டே விதிக்கான விளக்கம் தளர்த்தப்பட்டது. பின்னால் ஓர் அரசு நின்றால் துக்கம் துக்கமாகிவிடுகிறது. அரசு எதிரே நின்றால் அதே துக்கம் அரசியலாகிவிடுகிறது.

அன்றைய மத்தியஸ்தரை நான் குறைசொல்ல மாட்டேன். இளம் பிள்ளை. காதில் வந்து சொல்பவரை எதிர்க்க அவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

உவர்மலை

ரீச்சர், ஸ்மித்தையும் கார்லோஸையும் நானும் மதிக்கிறேன். ஆனால் எதிர்ப்பு என்பதற்காகவே மதிப்பளிப்பது என்று ஆரம்பித்தால் எங்கே போய் நிற்போம்? 2022 மார்ச்சில் டோஹாவில் நடந்த ஜிம்னாஸ்டிக் உலகக் கிண்ணத் தொடரில் ரஷ்ய வீரர் இவான் குலியாக் நெஞ்சில் ரஷ்யப் படையின் "இசட்" எழுத்தை ஒட்டிக்கொண்டு பதக்க மேடையில் நின்றார். பக்கத்தில் தங்கப் பதக்கத்தோடு நின்றவர் உக்ரேனிய வீரர். குலியாக்கும் தன் மனச்சாட்சிப்படி செய்ததாகத்தான் சொல்வார். ஓராண்டுத் தடை விதித்தார்கள். சரியாகச் செய்தார்கள் என்று எல்லோரும் சொன்னோம். 2013 இல் கிரேக்க வீரர் ஒருவர் கோல் அடித்துவிட்டு நாஸி வணக்கம் வைத்தார். தேசிய அணியிலிருந்து வாழ்நாள் தடை. கை ஒன்றுதான். உயர்த்துவது யார், எதற்காக என்று பார்த்து நாம் மாலை போடுகிறோம். நாளை வேறொரு கழகம் நமக்குப் பிடிக்காத ஒன்றுக்காக ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தும். அப்போது வாயை மூடிக்கொண்டு இருப்போமா?

கிண்ணியா வாசகர்

உவர்மலை நானா, குலியாக்கின் பின்னால் ஒரு படையே இருந்தது. குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டின் பிள்ளையின் பக்கத்தில் நின்றுகொண்டு, குண்டு போடுகிறவர்களின் அடையாளத்தை அவர் காட்டினார். அதற்கு எதிர்ப்பு என்று பெயர் இல்லை. எங்கள் தம்பியின் நாடா யாரை மிரட்டியது?

யாருடைய வலிக்காக, யாருக்கு எதிராக, சொந்தமாக எதை இழக்கத் தயாராகி: இந்த மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் குழப்பம் வராது. எதிர்ப்பு என்ற செயலுக்கு மாலை போட யாரும் இங்கே கேட்கவில்லை. காரணத்துக்கும் விலைக்கும்தான் கேட்கிறார்கள்.

எங்களுடைய கிண்ணியாவில் 2014 இல் இங்கிலாந்துக் கிரிக்கெட் வீரர் மொயின் அலியைப் பற்றிப் பேசாத தேநீர்க் கடை இல்லை. இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தில் காஸாவுக்காக மணிக்கட்டில் பட்டி அணிந்தார். இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை அதைத் தவறென்று சொல்லவில்லை, சர்வதேச கிரிக்கெட் பேரவை தடுத்தது. 2023 டிசம்பரில் அவுஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜா "எல்லா உயிர்களும் சமம்" என்று சப்பாத்தில் எழுதினார். அதுவும் கூடாது என்றார்கள். கறுப்புப் பட்டி அணிந்து பேர்த்தில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆடினார், கண்டித்தார்கள். புறாவும் ஒலிவ் கிளையும் உள்ள படத்தைத் துடுப்பில் ஒட்டக் கேட்டார். அதற்கும் அனுமதி இல்லை. புறா யாருக்கு என்ன கெடுதல் செய்தது?

முஸ்லிம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் தயங்குகிறீர்கள். எங்கள் மக்களுக்கும் இந்த மாவட்டத்தில் நினைவுகூர வேண்டிய நாட்கள் இருக்கின்றன. 2006 ஓகஸ்டில் மூதூரை விட்டுக் கால்நடையாக வெளியேறிய குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் மேடையில் உங்கள் தம்பிக்கு இடம் கிடைத்தால், நாளை எங்கள் பிள்ளை எங்கள் நாளுக்குக் கறுப்பு நாடா கட்டும்போதும் அதே மேடை கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி. கிடைக்கும் என்று கழகம் சொல்லட்டும். நான் முன்வரிசையில் வந்து உட்காருகிறேன்.

டொரொண்டோவில் ஒரு திருமலையான்

உறவுகளே, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? தம்பியின் படத்தை அனுப்புங்கள். இங்குள்ள சங்கங்களின் விழாக்களில் பெரிதாகப் போடுவோம். கேடயம், பணமுடிப்பு எல்லாவற்றுக்கும் நாங்கள் பொறுப்பு. உலகம் அறிய வேண்டும். முகமது அலி 1967 ஏப்ரலில் படையில் சேர மறுத்தபோது பட்டத்தைப் பறித்தார்கள். ஐந்தாண்டுச் சிறை, பத்தாயிரம் டொலர் தண்டம் என்று தீர்ப்பளித்தார்கள். 1971 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. 1996 இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் சுடரை ஏற்றியவர் அவர்தான். வரலாறு அஞ்சாதவர்களின் பக்கம்தான் நின்றிருக்கிறது.

மட்டிக்களி

டொரொண்டோ அண்ணா, கோபிக்காதீர்கள். அங்கே நீங்கள் பெரிதாகப் போடும் படம் இங்கே யாருடைய வீட்டுக் கதவைத் தட்டும்? அந்தப் பிள்ளையின் அம்மா எனக்குத் தெரிந்தவர். ஆட்டம் முடிந்த அன்று மாலை வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று மெதுவாகப் போனது. யாரோ வீடு தேடிப் போனவராகவும் இருக்கலாம். அதன் பிறகு இருட்டிய நேரத்தில் பிள்ளையைக் கடைக்குக்கூட அனுப்புவதில்லை.

அலியின் கதையை இன்னும் முழுதாகச் சொல்லுங்கள். குத்துச்சண்டை உரிமத்தைப் பறித்துவிட்டதால் மூன்றரை ஆண்டுகள் வளையத்துக்குள் போக முடியவில்லை. ஒரு குத்துச்சண்டை வீரனின் உடம்பு உச்சத்தில் இருக்கும் இருபத்தைந்து முதல் இருபத்தெட்டு வயது. அந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது? சுடரைப் பிடித்த அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்ததை உலகமே பார்த்தது.

பொன்னாடை கொடுப்பவர்கள் ஒரு மாலை நேரம் கொடுக்கிறார்கள். பெறுகிறவன் அதைச் சுமந்துகொண்டு அடுத்த நாள் வேலை தேடிப் போக வேண்டும்.

சாம்பல்தீவு

எல்லோரும் பேசுகிறோம். அந்தத் தம்பியிடம் யாராவது கேட்டீர்களா?

திருக்கடலூர்க்காரன்

நேற்று மாலை பயிற்சி முடிந்த பிறகு கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணா, எனக்குக் கேடயம் வேண்டாம். அடுத்த வருடம் ஜனவரி 2 இல் இந்த ஊரில் ஆட்டம் வைக்க வேண்டாம் என்று கழகம் லீக்குக்கு எழுதிக் கொடுக்கட்டும். அது போதும்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நிலாவெளி ரீச்சர்

இந்தப் பதிலை வாசித்த பிறகு சிறிது நேரம் எழுத முடியவில்லை.

ஸ்மித்தும் கார்லோஸும் சார்ந்திருந்த அமைப்பின் கோரிக்கைகளைப் பலர் மறந்துவிட்டார்கள். முகமது அலிக்குப் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவையும் ரொடீசியாவையும் ஒலிம்பிக்கில் சேர்க்கக் கூடாது. கறுப்பினப் பயிற்றுநர்களை அதிகம் நியமிக்க வேண்டும். பிரண்டேஜ் பதவி விலக வேண்டும். ஒவ்வொன்றும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய கோரிக்கை. ஒருவர்கூடத் தனக்குச் சிலை கேட்கவில்லை. இன்று சான் ஹொசே பல்கலைக்கழக வளாகத்தில் அவர்கள் இருவரின் சிலையும் இருக்கிறது. நோர்மனுக்கு உரிய படி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது, அவருடைய விருப்பப்படியே. வருகிறவர்கள் ஏறி அங்கே நிற்கலாம்.

மரியாதை எப்போது வருகிறது என்பதைப் பாருங்கள். 1936 இல் பெர்லினில் மரதன் ஓட்டத்தை வென்ற சோன் கீ சுங் ஒரு கொரியர். கொரியா அப்போது ஜப்பானின் பிடியில் இருந்தது. ஜப்பானியப் பெயரில், ஜப்பானியக் கொடியின் கீழ் ஓட வேண்டியிருந்தது. மேடையில் தலையைக் குனிந்து, பரிசாகக் கொடுத்த ஓக் மரக்கன்றினால் நெஞ்சில் இருந்த கொடியை மறைத்துக்கொண்டார். மூன்றாவதாக வந்த நாம் சுங் யோங்கும் கொரியர்தான். சோன் வென்றதைப் பார்த்துத் தனக்குப் பொறாமை வரவில்லை, மறைத்துக்கொள்ள அவரிடம் ஒரு கன்று இருந்ததைப் பார்த்துத்தான் பொறாமை வந்தது என்று பிற்காலத்தில் சொன்னார். சியோலில் வெளிவந்த டொங்கா இல்போ பத்திரிகை அந்தப் படத்தில் கொடியை அழித்துவிட்டு அச்சிட்டது. பத்திரிகை மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டது, பணியாளர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். சோன் ஒலிம்பிக் சுடரோடு அரங்குக்குள் ஓடி வந்தது 1988 இல், நாடு விடுதலை பெற்றுப் பல காலம் கழித்து. அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது.

செக்கோஸ்லோவாக்கிய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை வேரா சாஸ்லவ்ஸ்காவும் அப்படித்தான். அதே 1968 மெக்ஸிக்கோவில், தன் நாட்டுக்குள் டாங்கிகளோடு புகுந்த சோவியத் ஒன்றியத்தின் கீதம் ஒலித்தபோது முகத்தைத் திருப்பிக் குனிந்து நின்றார். ஊருக்குத் திரும்பியதும் ஆண்டுக்கணக்கில் ஒதுக்கிவைக்கப்பட்டார். ஆட்சி மாறிய பிறகு, 1990 இல், நாட்டின் ஒலிம்பிக் குழுவுக்கே தலைவரானார்.

எல்லாவற்றிலும் ஒன்றே நடந்திருக்கிறது. அதிகாரம் கைமாறும்வரை மாலை வருவதில்லை. மாலை போடுவது ஆபத்தாக இருந்த காலத்தில் அதைப் போட்டவர்கள் அந்தப் பத்திரிகைக்காரர்கள். அவர்கள் மேடை போடவில்லை. தங்கள் கையில் இருந்த வேலையை, சோன் செய்ததைப் போலவே செய்தார்கள். அவர் மரக்கன்றால் மறைத்ததை இவர்கள் மையால் மறைத்தார்கள். நான் அறிந்த மிகப் பெரிய பொது மரியாதை அதுதான்.

ஆகவே என் நிலைப்பாட்டை இப்போது இப்படி வைக்கிறேன்: தம்பி கேட்டதைக் கழகம் தன் பெயரில் கேட்க வேண்டும். அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை.

பழைய மத்தியஸ்தர்

இளையவர்களுக்காக நம் நாட்டுக் கதையையும் சொல்கிறேன். "விளையாட்டில் அரசியல் வேண்டாம்" என்ற வாசகத்தை இலங்கையில் நான் உரக்கக் கேட்டது 1982 இல். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவுக்கு ஓர் இலங்கைக் கிரிக்கெட் அணி தடையை மீறிப் போனது. நாட்டின் முதலாவது டெஸ்ட் அணித் தலைவரான பந்துல வர்ணபுரவே அதற்குத் தலைவர். நாங்கள் விளையாடத்தான் போகிறோம் என்றார்கள். 25 ஆண்டுகள் தடை விதிக்கப்பட்டது. அரசியல் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனவர்கள், அந்தக் காலத்தின் மிகப் பெரிய அரசியல் கேள்விக்கு ஒரு பதிலைத்தான் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மறுபக்கத்தில் 2011 ஜூலையில் லோர்ட்ஸில், எம்சிசி என்ற மெரில்போன் கிரிக்கெட் கழகத்தின் மேடையில் குமார் சங்கக்கார ஆற்றிய உரை. அணியில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே கிரிக்கெட் நிர்வாகத்தின் சீர்கேட்டைப் பேசினார். தான் தமிழனும் சிங்களவனும் முஸ்லிமும் பறங்கியனும் என்று சொன்னார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. இங்கே விளையாட்டுத்துறை அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். 2019 இல் அதே எம்சிசி கழகத்துக்குத் தலைவரானார். 2022 ஜூலையில் சனத் ஜயசூரிய கொழும்பில் மக்களோடு வீதியில் இறங்கினார். காலியில் அவுஸ்திரேலியாவுடன் டெஸ்ட் ஆட்டம் நடந்துகொண்டிருக்க, கோட்டை மதிலின்மேல் ஏறி மக்கள் கோஷமிட்டார்கள். அப்போது "கிரிக்கெட்டைக் கெடுக்காதீர்கள்" என்று யாரும் பெரிதாகக் குறைப்படவில்லை. அது எல்லோருடைய வயிற்றுக்குமான போராட்டம். எனக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால் உலகக் கிண்ணம் வென்றவருக்கு ஒரு கவசம் இருக்கிறது. திருகோணமலையில் ஒரு சின்னக் கழகத்தின் இடதுபுறத் தடுப்பாட்டக்காரருக்கு அது இல்லை. 2003 பெப்ரவரி 10 இல் ஹராரேயில் சிம்பாப்வேயின் ஹென்றி ஒலொங்காவும் அண்டி ஃபிளவரும் ஜனநாயகத்தின் மரணத்துக்காகக் கறுப்புப் பட்டி அணிந்தார்கள். இருவரும் ஒன்றாகவே அறிக்கை விட்டார்கள். ஃபிளவர் உலகின் முன்னணித் துடுப்பாட்ட வீரர். இங்கிலாந்தில் விளையாடி, பிறகு அந்நாட்டு அணிக்கே பயிற்றுநரானார். ஒலொங்காவுக்கு அப்போது இருபத்தாறு வயது. கொலை மிரட்டல் வந்து நாட்டை விட்டே ஓட வேண்டியிருந்தது. ஒரே பட்டி, ஒரே நாள், விலை மட்டும் வேறு.

பாலையூற்று

அன்று நடுக்களத்தில் விளையாடியவன் நான். இங்கே என் அணியைப் பற்றிப் பேசுகிறார்கள், ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. கறுப்பு நாடா கட்டியதற்காக இல்லை. எங்களிடம் சொல்லாமல் கட்டியதற்காக. உடைமாற்றும் அறையில் அந்த நாடாச் சுருள் எல்லோருடைய கையிலும் மாறி மாறிப் போனது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் கட்டியிருப்பேன். எங்கள் கோல்காப்பாளர் சிங்களப் பிள்ளை. ஆட்டம் முடிந்து பஸ்ஸில் வரும்போது அவர் கேட்டார், "ஏன் எனக்குச் சொல்லவில்லை? என்னை நம்பவில்லையா?" என்று. உவர்மலை ஐயா, நீங்கள் யாருக்காகப் பயப்படுகிறீர்களோ அவரே கேட்ட கேள்வி இது.

ஆகவே ஒருவரை மட்டும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினால் எனக்கு உடன்பாடில்லை. மற்றப் பத்துப் பேரும் எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள்போல ஆகிவிடும். கடிதம் எழுதுங்கள். அதில் பதினொரு வீரர்களும் கையெழுத்திடுகிறோம். கோல்காப்பாளரிடம் பேசிவிட்டேன், அவரும் இடுவார். எழுதுவதானால் மூன்று மொழியிலும் எழுதுங்கள் என்றார்.

டொரொண்டோவில் ஒரு திருமலையான்

தம்பிமாரே, படம் கேட்டதை விட்டுவிடுங்கள். மட்டிக்களி அக்கா சொன்னது உறைத்தது. ஆனால் கடிதம் மட்டும் போதும் என்பதில் எனக்கு இன்னும் நிறைவில்லை. லீக் அதைக் கோப்பில் போட்டு மூடிவிட்டால் என்ன செய்வீர்கள்?

உவர்மலை

மூடிவிடவும் கூடும். அதைத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும்.

கேடயத்துக்கும் பொன்னாடைக்கும் நான் இன்னும் எதிர்ப்புத்தான். அதில் மாற்றமில்லை. மேடை ஏற்றுவது சுலபம், இறங்கிய பிறகு அந்தப் பிள்ளையோடு நடந்து போக யாரும் இருப்பதில்லை. ஆனால் ஜனவரி 2 இல் ஆட்டம் வைக்க வேண்டாம் என்று கேட்பது வேறு. தேர் நாளில் ஆட்டம் வைப்பதில்லை, பெருநாளில் வைப்பதில்லை, வெசாக்கில் வைப்பதில்லை. ஊரின் நாட்களை மதிக்கத் தெரிந்த லீக்குக்கு இதையும் மதிக்கச் சொல்லலாம். மூத்த உறுப்பினர் என்ற முறையில் நான் கையெழுத்திடுகிறேன்.

மட்டிக்களி

ஒரு நிபந்தனை. கடிதத்தில் காரணம் எழுதப்படுமா? "தவிர்க்க முடியாத காரணங்களால் அன்றைய தினத்தைத் தவிர்க்குமாறு" என்று வளைத்து எழுதும் கடிதங்களை இந்த ஊரில் நிறையப் பார்த்துவிட்டோம். அப்படி எழுதினால் அது அந்தப் பிள்ளையின் கையிலிருந்து நாடாவை இன்னொரு முறை கழற்றச் சொல்வதாகத்தான் இருக்கும். அவனுடைய பெயர் எந்த இடத்திலும் வரக் கூடாது. அந்த ஐந்து பிள்ளைகளுக்கு நடந்தது வர வேண்டும்.

கிண்ணியா வாசகர்

அக்கா சொன்னதோடு நானும். அத்துடன், மாவட்டத்தின் மற்றச் சமூகங்கள் தங்கள் துயர நாட்களுக்கு இதேபோல் கேட்டால் கழகம் ஆதரிக்கும் என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் பக்கத்துக் கழகம் ஒன்றையும் கையெழுத்திடக் கேட்டுப் பார்க்கிறேன். வாக்குத் தர மாட்டேன், கேட்கிறேன்.

திருக்கடலூர்க்காரன்

வரைவை இன்றிரவு எழுதுகிறேன். 2006 ஜனவரி 2 ஆம் திகதி இந்த நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள் என்பதுதான் முதல் வாக்கியம். தம்பியின் பெயர் வராது. கிண்ணியாவிலிருந்து கேட்ட வரி இரண்டாவது பந்தியில் வரும். சிங்கள வடிவத்தைக் கோல்காப்பாளரும் அவருடைய அப்பாவும் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலத்தை ரீச்சர் பார்த்தால் நல்லது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கழக அறையில் வாசிப்போம். எழுந்து போன மூத்தவர்களை உவர்மலை ஐயா கூட்டிக்கொண்டு வர வேண்டும். நாங்கள் கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

உவர்மலை

கூட்டி வருகிறேன். வரைவை வெள்ளிக்கிழமைக்கு முன் எனக்கு அனுப்பிவிடுங்கள். வாசிக்காமல் அவர்கள் ஒன்றிலும் கையெழுத்திட மாட்டார்கள், நானும்தான்.